நின்ற வண்டியில் போன கிராஸ்: புதுச்சேரி ஸ்பிட்ஃபயர் ஒன்றின் பின்பக்க வேலை

கிராஸ் என்பது யூ-ஜாயின்ட், ஷாஃப்ட் ஒரு கோணத்தில் மடங்கியபடியே சுற்றுவதற்கான இணைப்பு. வண்டி 1969-ஆம் ஆண்டு ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் கார், மார்க் 3. 1296 சிசி இன்ஜின், 75 குதிரைத்திறன், இரண்டே இருக்கை, துணிக்கூரை, கம்பி வீல், ஸ்டீயரிங் இடப்பக்கம். உரிமையாளரின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். அவர் காலத்தில் வந்த வண்டி. வீடு ரெயின்போ நகரில். மழை கொஞ்சம் வலுத்தாலே தெருவில் தண்ணீர் நிற்கும் பகுதி அது என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. ஷெட்டுக்குள் வீல் ஹப் வரைக்கும் தண்ணீர். வடிந்த பிறகு செய்ய வேண்டியதை எல்லாம் செய்ததாகத்தான் உரிமையாளர் நினைத்தார். இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில் மூன்றும் மாற்றியாயிற்று. பிரேக் வீல் சிலிண்டர்களைப் பிரித்துச் சுத்தம் செய்தாயிற்று. வயரிங்கைக் காயவைத்து, டைனமோவையும் பார்த்தாயிற்று. பிரேக் சாமான் வந்து சேரத் தாமதமானதால் வண்டி கோடை வரைக்கும் ஷெட்டை விட்டு நகரவில்லை.

முதலில் வந்தது ஒரு கீச்சுச் சத்தம். தெருவில் மெதுவாக உருட்டும்போது மட்டும் கேட்கும், வேகம் எடுத்தால் காணாமல் போகும். அடுத்து, கிளட்சை விடும்போதும் ஆக்ஸிலேட்டரை விட்டு அழுத்தும்போதும் பின்னால் இருந்து ஒரு ‘டொக்’. கடைசியாக, கிழக்குக் கடற்கரைச் சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வு. ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். ‘டொக்’கை மட்டும் கேட்டுவிட்டு, டிஃபரன்ஷியலுக்குள் (இன்ஜின் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் தேய்ந்துவிட்டது, டிஃபரன்ஷியலையே மாற்ற வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அதற்குச் சொன்ன தொகையைக் கேட்ட பிறகுதான் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு முதலியார்பேட்டைக்கு எங்களிடம் வந்தார்.

“தம்பி, மூணு சத்தம் வருது. மூணும் வேற வேற கோளாறா, இல்ல ஒண்ணேதானா, அத மட்டும் சொல்லுங்க” என்றார். சரியான கேள்வி.

சத்தத்தை எண்ணிப் பார்த்தல்

இந்த வண்டியின் பின்பக்க அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். ஸ்பிட்ஃபயர் 1962-இல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. அடிச்சட்டம் ட்ரையம்ப் ஹெரால்டில் இருந்து சுருக்கி எடுத்தது. அதே ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. ஒரு காலத்தில் நம்மூர் டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய வண்டி. இரண்டிலும் டிஃபரன்ஷியல் அடிச்சட்டத்தோடு அசையாமல் நிற்கும். அதில் இருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஹாஃப் ஷாஃப்ட் புறப்பட்டுச் சக்கரத்துக்குப் போகும். ஒவ்வொரு ஷாஃப்டிலும் டிஃபரன்ஷியலை ஒட்டி ஒரே ஒரு யூ-ஜாயின்ட். கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஆக வண்டிக்கு மொத்தம் நான்கு. பட்டறையில் இதற்குப் பெயர் கிராஸ். நடுவில் கூட்டல் குறி போன்ற ஒரு துண்டு, அதன் நான்கு முனைக் கட்டையிலும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள் (நீடில்) நிறைந்த ஒரு கப், கப்புகளைத் தாங்கும் கவை போன்ற யோக், கப்பை வெளியே வராமல் பிடிக்கும் லாக்.

சக்கரமும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. மார்க் 3-இல் டிஃபரன்ஷியல் விகிதம் 4.11. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நான்கு சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர். நடந்துபோகும் வேகத்தில், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டரில், சக்கரம் நொடிக்கு முக்கால் சுற்றுதான் சுற்றும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூன்று சுற்றைத் தாண்டிவிடும். காய்ந்த கிராஸ் சுற்றுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ கீச்சிடும். அதனால் சத்தம் அடுக்கடுக்காக வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட், நிதானமாக வந்தால் ஹாஃப் ஷாஃப்ட். பட்டறைப் பையனை வண்டியோடு கூடவே நடக்கவிட்டு, டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, கோடு தரைக்கு வரும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னோம். கையும் கீச்சும் சேர்ந்தே வந்தன. இடப்பக்கச் சக்கரம். முதல் சத்தத்துக்கு முகவரி கிடைத்துவிட்டது.

அதிர்வுக்கு வேறு சோதனை. 70 கிலோமீட்டரில் டாப் கியரில் போகும்போது இன்ஜினும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,700 சுற்று சுற்றுகின்றன. டாப் கியர் நேரடி இணைப்பு என்பதால் அதிர்வு இரண்டில் எதில் இருந்து வருகிறது என்று அங்கே பிரிக்க முடியாது. அதே 70-இல் மூன்றாவது கியருக்கு இறக்கினால் இன்ஜின் வேகம் கூடும், ஷாஃப்டின் வேகம் மாறாது. காலாப்பட்டு பக்கம் சாலை காலியாக இருந்த நேரத்தில் இப்படி மாற்றிப் பார்த்தோம். அதிர்வு அப்படியே இருந்தது. நியூட்ரலில் விட்டு உருட்டியபோதும் இருந்தது. இன்ஜின் மேல் குற்றம் இல்லை.

மிச்சம் ‘டொக்’. இங்கேதான் பலரும் அவசரப்பட்டு டிஃபரன்ஷியலைக் கைகாட்டுகிறார்கள். கம்பி வீல் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது வீலின் ஸ்பிளைன். ஹப்பின் பற்களும் வீலின் பற்களும் தேய்ந்துபோனால் இதே ‘டொக்’ வரும். ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு வீலை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஹப் நிற்க, வீல் மட்டும் நகர்ந்தால் ஸ்பிளைன் போய்விட்டது என்று அர்த்தம். இதில் வலப்பக்க வீலில் இலேசான அசைவு இருந்தது, கேட்கிற அளவுக்குச் சத்தம் இல்லை.

பிறகு கிராஸ்களுக்கு வந்தோம். இந்த வண்டியைச் சாதாரண ஜாக்கியில் தூக்கிச் சோதித்தால் ஏமாந்துபோவோம். தூக்கியதும் பின்சக்கரங்கள் இரண்டும் கீழே தொங்கிவிடும், ஹாஃப் ஷாஃப்ட் பெரிய கோணத்துக்குப் போய்விடும். அந்த நிலையில் கியரில் போட்டுச் சுற்றவிட்டால் நல்ல கிராஸ் கூட உதறும். சக்கரம் சாலையில் எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் தாங்கி நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தி, கிராஸின் இரண்டு பக்கத்து யோக்கையும் இரு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பார்த்தோம். கையில் அசைவே தெரியக் கூடாது. இடப்பக்க ஹாஃப் ஷாஃப்டில் நன்றாகவே ஆட்டம். வலப்பக்கத்தில் ஆட்டம் இல்லை, ஆனால் ஒரு திசையில் மடங்க மறுத்தது. புரொப்பெல்லர் ஷாஃப்டின் பின் கிராஸ் கடகடவென்று தடங்கித் தடங்கித் திரும்பியது. அதன் கப் ஓரங்களில் செம்மண் நிறத்தில் மெல்லிய தூள். எந்த ஊர்ப் பட்டறையிலும் அந்தத் தூளுக்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே கிரீஸ் இல்லை, நீடில் துருப்பிடித்து அரைபடுகிறது. முன் கிராஸில் மட்டும் குறை தெரியவில்லை.

மூன்று சத்தம், ஒரே நோய். டிஃபரன்ஷியலிலும் கொஞ்சம் பல் இடைவெளி இருந்தது. இந்த வயதில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

தள்ளிப்போடக் கூடாத இடம்

புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் போனால் சத்தம், அதிர்வு, அதையும் மீறி ஓட்டினால் ஷாஃப்ட் அறுந்து தொங்கும் ஆபத்து. இதெல்லாம் லாரி, ஜீப் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்ததே. ஸ்பிட்ஃபயரின் ஹாஃப் ஷாஃப்ட் விஷயம் வேறு. இங்கே ஷாஃப்ட் சக்கரத்தைச் சுற்றுவதோடு நிற்கவில்லை, சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்துவைத்திருப்பதும் அதுவே. மேலே குறுக்காகப் போகும் பட்டை ஸ்பிரிங், முன்பின்னாகப் பிடிக்கும் ஒரு ரேடியஸ் கம்பி, கீழே இந்த ஷாஃப்ட். வளைவில் திரும்பும்போது சக்கரத்தை உள்ளேயும் வெளியேயும் தள்ளும் விசை முழுவதும் ஷாஃப்ட் வழியாக அந்த ஒற்றைக் கிராஸில்தான் போய் இறங்குகிறது. அதில் ஆட்டம் இருந்தால் சக்கரத்தின் சாய்வே மாறும். உடைந்தால் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் பிடிமானம் இல்லை. ‘சத்தம்தானே, அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்பது இந்த இடத்தில் செல்லாது. வண்டியை அன்றைக்கே நிறுத்திவைக்கச் சொன்னோம்.

கிராஸின் இயல்பு பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியர் ஜெரோலமோ கர்டானோ பெயராலும் 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ராபர்ட் ஹூக் பெயராலும் வழங்கும் இந்த ஜாயின்ட் ஒரு கோணத்தில் சுற்றும்போது மறுமுனை ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். 5 டிகிரி கோணத்தில் அந்த வித்தியாசம் 0.4 சதவீதம்கூட இல்லை. 10 டிகிரியில் 1.5, 20 டிகிரியில் 6 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். புரொப்பெல்லர் ஷாஃப்டில் முன்னும் பின்னும் இரண்டு கிராஸ் இருப்பதால் ஒன்றின் கோணலை மற்றது நேராக்கிவிடும். அதற்கு இரண்டு முனை யோக்கும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். ஹாஃப் ஷாஃப்டில் ஒற்றைக் கிராஸ் என்பதால் ஈடுகட்ட ஆள் இல்லை. ஓடும் உயரத்தில் கோணம் சிறியது என்பதால் அது உறைப்பதில்லை, அவ்வளவுதான்.

கழற்றியது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஹெரால்டு வண்டிகள் ஓடிய காலத்தில் அதிலேயே கை பழகியவர். பட்டறையை மூடிவிட்டார், ஆனால் ஹெரால்டு என்று காதில் விழுந்தால் வந்துவிடுவார். “பின்னாடி சக்கரம் தொங்குற வண்டிதானே? இதோ வர்றேன்” என்றார் போனிலேயே. ஹெரால்டுக்குப் பிறகு வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் இந்த அமைப்பை விட்டுவிட்டு ஒரே நேர் ஆக்ஸிலுக்குப் போனார்கள். நம் சாலைக்கும் நம் பராமரிப்புக்கும் அதுதான் தோது என்பது பெரியவரின் கட்சி. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டால் இந்த அமைப்பும் ஓடும். அந்த வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

முதல் சிக்கல் ஸ்பேனர். ஷாஃப்ட் முனையை அடுத்த பாகத்தோடு இணைக்கும் தட்டுக்கு ஃபிளான்ஞ்ச் என்று பெயர். அதன் போல்ட்டுகள் அங்குல அளவு, தலை 9/16. மில்லிமீட்டரில் அது 14.3. 14 நுழையாது, 15 சுழன்று முனையைத் தின்றுவிடும். முந்தைய யாரோ 15-ஐப் போட்டு ஒன்றிரண்டின் முனையை வழித்துவைத்திருந்தார்கள். அவற்றைப் புதிதாக வாங்கினோம். நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டுகளை மறுபடியும் பயன்படுத்துவதே இல்லை.

பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு ஃபிளான்ஞ்ச் ஜோடியிலும் பெயின்டால் கோடு போட்டுக்கொண்டோம். அதே நிலையில் திரும்பப் பொருத்தாவிட்டால் புதுக் கிராஸ் போட்டும் பழைய அதிர்வு வந்து நிற்கும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் முன் போல்ட்டுகளுக்கு, காருக்குள் தரைவிரிப்பை எடுத்து, இரண்டு இருக்கைக்கும் நடுவே உள்ள கியர்பாக்ஸ் மூடியைக் கழற்றி, மேலிருந்தே கை விட்டோம்.

ஹாஃப் ஷாஃப்டில் நினைவில் வைக்க வேண்டியது பட்டை ஸ்பிரிங்கின் விசை. ஷாக் அப்சார்பர்தான் சக்கரம் இன்னும் கீழே இறங்காமல் தடுத்து நிற்கிறது. அதை நேரடியாகக் கழற்றினால் எல்லாம் ஒரே இறக்கமாக இறங்கும். சக்கரப் பக்கம் உள்ள வெர்ட்டிக்கல் லிங்குக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தூக்கி, ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட்டைச் சுமை இல்லாமல் எடுத்துவிட்டு, ஜாக்கியை மெல்ல இறக்கினோம். அப்புறம் பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ரேடியஸ் கம்பி, ஸ்பிரிங் முனைப் போல்ட், கடைசியாக உள் ஃபிளான்ஞ்சின் நான்கு நட்டு. ஷாஃப்ட் ஹப்போடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. கிராஸ் மாற்றுவதற்கு ஹப்பைத் தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. அதற்குத் தனி புல்லர் வேண்டும், அது இல்லாமல் சுத்தியலோடு இறங்கினால் ஷாஃப்ட் முனை கெட்டுவிடும்.

உள்ளே இருந்தது

லாக்குகளைச் சுற்றித் துருவைச் சுரண்டி, கப்பை ஒரு துளி உள்பக்கம் தட்டிவிட்டால் லாக் மேல் இருக்கும் அழுத்தம் போய்விடும், பிளையரில் கழன்று வரும். கப்பை வெளியேற்ற வைஸில் இரண்டு சாக்கெட் வைத்து நெருக்கினோம்: ஒரு பக்கம் கப்பைவிடச் சிறியது தள்ளுவதற்கு, மறுபக்கம் கப்பைவிடப் பெரியது வாங்கிக்கொள்வதற்கு. யோக்கின் இரண்டு காதையும் சேர்த்து நெருக்கிவிடாமல், தள்ளுகிற காதுக்கு மட்டும் தாங்கல் கொடுக்க வேண்டும். காது உள்பக்கம் வளைந்துவிட்டால் எந்தப் புதுக் கிராஸும் அதில் சுகமாக உட்காராது. இடப்பக்க ஷாஃப்டில் இரண்டு கப் அசையவே இல்லை. ராத்திரி முழுக்கத் துரு இளக்கும் ஆயிலில் ஊறப்போட்டு, காலையில் நெல்லித்தோப்பு லேத்தில் இருந்த ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தள்ளினோம்.

எடுத்த நான்கையும் வரிசையாக வெள்ளைத் துணியில் வைத்தபோது கதை தெளிவானது. முன் கிராஸில் கிரீஸ் கறுத்திருந்தது, ஆனால் ஈரமாகவே இருந்தது, நீடில்கள் பளபளவென்று இருந்தன. பின் கிராஸில் கிரீஸ் பாதி, துரு பாதி. வலப்பக்க ஹாஃப் ஷாஃப்டில் ஒரு கப் மட்டும் இறுகிப்போயிருந்தது. இடப்பக்கம்தான் மோசம். ஒரு கப்பைக் கவிழ்த்தபோது நீடில்களுக்குப் பதிலாகத் தூள்தான் கொட்டியது.

கிராஸின் கட்டையைத் துடைத்து, வெயிலில் திருப்பிப் பார்த்தோம். நீளவாக்கில் சீரான இடைவெளியில் கோடு கோடாகக் குழிகள். நீடிலுக்கும் நீடிலுக்கும் உள்ள அதே இடைவெளி. ஓடி ஓடித் தேய்ந்த கிராஸில் சாதாரணமாக இப்படி அரித்த குழிகள் வராது. ஓடும்போது நீடில்கள் கொஞ்சம் முன்னும் பின்னும் உருண்டுகொண்டே இருப்பதால் தேய்மானம் அகலமாகப் பரவி, கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இங்கே ஒவ்வொரு நீடிலும் நின்ற இடத்திலேயே நின்று, தொட்ட இடத்திலேயே அரித்திருக்கிறது. கோடையில் வண்டி ஓடத் தொடங்கியபோது அந்தக் குழிகளின் விளிம்பு பெயர்ந்து மீதியையும் அரைத்திருக்கிறது.

இடப்பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு? உரிமையாளர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். ஷெட்டின் தரை தண்ணீர் வடிவதற்காக இடப்பக்கம் சரிவாகப் போட்டது. சுவரில் வெள்ளம் நின்ற கறை இன்னும் இருந்தது. வண்டியின் இடப்பக்கம் ஆழம் கூடுதல். முன் கிராஸ் கியர்பாக்ஸ் வாயில், மற்ற மூன்றையும்விட உயரத்தில் இருப்பதால் தப்பித்தது. இந்தக் கிராஸ்கள் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சின்ன வாய்) இல்லாத, சீல் வைத்த வகை. சீல் என்பது ஒரு சின்ன ரப்பர் விளிம்பு. சாலையில் தெறிக்கிற தண்ணீரைத் தடுக்கும். வயதாகி விறைத்துப்போன ரப்பர், நாள் கணக்கில் மூழ்கிக் கிடந்தால் தடுக்காது. உள்ளே போன தண்ணீர் வெளியே வரவும் வழி இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு மாற்றிய எல்லா ஆயிலும் வடிகால் போல்ட் உள்ள பாகங்களுக்கு மட்டுமே. வடிகால் இல்லாத கிராஸை யாரும் நினைக்கவில்லை. ஸ்பீடோமீட்டரைப் பார்த்துக் கிராஸின் ஆயுளைக் கணக்குப் போடுகிற பழக்கம் நமக்கு. வாரம் ஒரு தடவை வெளியே வந்து மீதி நாளெல்லாம் நிற்கிற பழைய வண்டிக்கு அந்தக் கணக்கு உதவாது.

சாமான்

கப்பின் வெளிவிட்டம் வெர்னியரில் 23.8 மில்லிமீட்டர், அதாவது 15/16 அங்குலம். உள்ளூர்க் கடைகளில் விட்டத்தை மட்டும் கேட்டுவிட்டு ‘இருக்கு சார்’ என்று எடுத்துப் போடுவார்கள். போதாது. எதிரெதிர்க் கப்புகளின் முழு நீளமும் பொருந்த வேண்டும். லாக் எங்கே உட்காருகிறது, யோக்குக்கு வெளியிலா, உள்ளிலா என்பதும் பொருந்த வேண்டும். ஒரு கடையில் கிடைத்தது விட்டத்தில் அச்சு அசல், நீளத்தில் மட்டும் கொஞ்சம் குறைவு. ‘வாஷர் வெச்சா சரியாயிடும்’ என்றார்கள். கிராஸ் நடுவில் இருந்து விலகினால் ஷாஃப்டே மையம் தப்பிச் சுற்றும். அதிர்வை விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்று இங்கிலாந்தில் இருந்தே வரவழைத்தோம். சாமான் விலையைவிட அனுப்பும் செலவு உறைத்தது. டிஃபரன்ஷியலுக்குச் சொல்லியிருந்த தொகைக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை.

நிப்பிள் உள்ளதா, சீல் வைத்ததா என்பதில் பட்டறைகளுக்குள் ஓயாத வாதம் உண்டு. நிப்பிள் உள்ள கிராஸுக்குள் கிரீஸ் போக ஓட்டை போட்டிருப்பார்கள், அதனால் சீல் வைத்ததைவிடப் பலம் சற்றுக் குறைவு. பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் சீல் வைத்ததைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கடலோரத்தில், வெள்ளம் வருகிற தெருவில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் 75 குதிரைத்திறன் வண்டிக்குப் பலம் ஒரு பிரச்சினையே இல்லை. உள்ளே போன தண்ணீரைப் புதுக் கிரீஸால் தள்ளி வெளியேற்ற முடிவதுதான் இங்கே பெரிது. அதனால் ஹாஃப் ஷாஃப்ட் இரண்டுக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் பின்னுக்கும் நிப்பிள் உள்ளது. முன்னுக்கு மட்டும் சீல் வைத்தது. கியர்பாக்ஸ் மூடியைக் கழற்றாமல் அங்கே கிரீஸ் கன் போகாது, போகாத இடத்தில் நிப்பிள் வைத்து என்ன பயன்? முன் கிராஸ் நன்றாகத்தானே இருந்தது, ஏன் மாற்ற வேண்டும் என்று உரிமையாளர் கேட்டார். நல்ல கேள்விதான். வெளியே எடுத்த ஷாஃப்டில் அந்த விலைக்கு ஒரு கிராஸை மிச்சம் பிடித்து, பிறகு அதற்காகவே மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

உள்ளே படுத்திருந்தவன்

யோக்கின் துளைகளை எமரித் தாளால் துடைத்து, லாக் உட்காரும் காடியை ஊசியால் சுரண்டி எடுத்தோம். காடியில் துருத் துணுக்கு ஒன்று மிஞ்சினாலும் லாக் முழுசாக உட்காராது. உட்காராத லாக் ஓட்டத்தில் தெறித்துவிடும். நிப்பிளின் வாய் ஷாஃப்ட் பக்கம் பார்க்கிற மாதிரி கிராஸைத் திருப்பி உள்ளே விட்டோம். மாற்றி விட்டால் ஃபிளான்ஞ்ச் மறைத்துக்கொள்ளும், கன் நுழையாது. கிராஸைச் சுத்தியலால் அடித்து ஏற்றுகிற பழக்கம் நம் பக்கம் சாதாரணம். அடிக்கிற ஒவ்வொரு அடியும் உள்ளே நீடிலில்தான் விழுகிறது. வைஸில் நெருக்குவதே மேல்.

வலப்பக்க ஷாஃப்டில் மூன்று கப் அழகாக ஏறிவிட்டன. நான்காவதில் பையன் நின்றுவிட்டான்.

“அண்ணே, லாக் உக்கார மாட்டேங்குது. காடி பாதிதான் தெரியுது.”

இன்னொரு சுற்று நெருக்கப் போனவனைப் பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். “டேய் தம்பி, நெருக்காத. உள்ள ஒருத்தன் படுத்துட்டான்.”

கப்பை வெளியே இழுத்தோம். நின்றிருக்க வேண்டிய நீடில்களில் ஒன்று சாய்ந்து, கப்பின் அடியில் குறுக்காகக் கிடந்தது. நெருக்கியிருந்தால் நீடில் உடைந்திருக்கும், இல்லை கப்பின் அடி வெடித்திருக்கும். சில பட்டறைகளில் லாக்கை அடித்து உட்காரவைத்து அனுப்பிவிடுவார்கள். அந்த வண்டி சில மாதத்தில் இதே ‘டொக்’கோடு திரும்பி வரும். பெரியவர் கப்பை மண்ணெண்ணெயில் கழுவி, லித்தியம் கிரீஸை உள்சுவரில் தடவி, நீடில்களை ஒவ்வொன்றாக ஒட்டவைத்து, சுண்டுவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றிச் சரிபார்த்தார். அப்புறம் செய்த காரியம்தான் முக்கியம். கப்பைப் பாதி ஏற்றியதும், கிராஸை அந்தப் பக்கம் தூக்கி, அதன் கட்டையைக் கப்புக்குள் நுழைத்துப் பிடித்துக்கொண்டார். கட்டை உள்ளே இருக்கும்வரை எந்த நீடிலும் சாய இடம் இல்லை. அதன் பிறகே வைஸை முடுக்கினார்.

லாக் போட்டதும் ஜாயின்ட் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. கப் உள்பக்கம் அதிகமாக நெருங்கியிருக்கும். யோக்கின் காதில் செம்புச் சுத்தியலால் இரண்டு தட்டு. கப் பின்வாங்கி லாக்கில் போய்ச் சாய்ந்துகொண்டது, ஜாயின்ட் இளகியது. எல்லாத் திசையிலும் விரல் பலத்தில் தடங்கல் இல்லாமல் திரும்ப வேண்டும், ஆட்டமும் இருக்கக் கூடாது. ஒரு ஜாயின்டில் நீளவாக்கில் துளி ஆட்டம் மிஞ்சியது. அதற்கு இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் தடித்த லாக் மாற்றினோம். ஒரு பக்கம் மட்டும் தடித்ததைப் போட்டால் கிராஸ் மையம் விலகிவிடும்.

பொருத்தும்போது ஸ்பிரிங் முனை, ரேடியஸ் கம்பி, ஷாக் அப்சார்பர் ஆகியவற்றின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கி விட்டோம். வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து கொஞ்சம் உருட்டிய பிறகே முழுசாக முடுக்கினோம். சக்கரம் தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்று சீக்கிரம் கிழியும். பிரேக்கில் காற்று எடுத்தாயிற்று. கிரீஸ் கன் வைத்து, நான்கு கப்பின் சீல் ஓரத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை ஏற்றினோம்.

ஓட்டிப் பார்த்தது

வில்லியனூர் சாலையில் மெதுவாக, பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாக. கீச் போயிற்று. 70-இல் வந்த அதிர்வும் போயிற்று. ‘டொக்’ இருந்த இடத்தில், ஆக்ஸிலேட்டரைச் சடாரென்று விட்டால் மட்டும் ஒரு மெல்லிய ‘டிக்’ மிஞ்சியது. டிஃபரன்ஷியலின் பல் இடைவெளி, கூடவே வலப்பக்க ஸ்பிளைன்.

90-ஐத் தாண்டியதும் வேறொரு அதிர்வு எட்டிப் பார்த்தது. முன்பு பெரிய அதிர்வு அதை மறைத்திருக்க வேண்டும். முன் டயர்களையும் பின் டயர்களையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டினோம். இருக்கையில் தெரிந்த நடுக்கம் இப்போது ஸ்டீயரிங்குக்கு வந்துவிட்டது. டயர் போன இடத்துக்கே அதிர்வும் போனால் ஷாஃப்டைச் சந்தேகிக்க இடம் இல்லை. மாதக் கணக்கில் ஒரே இடத்தில் நின்றதில் டயர் தட்டையாகியிருக்கிறது. டிரெட் புதிதாகத் தெரிந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு ஓடியிருந்தது.

“அப்போ கிரவுன்?” என்றார் உரிமையாளர்.

“தொட வேணாம் சார். இந்த டிக் அடுத்த பல வருஷம் இப்படியே இருக்கும். முதல்ல டயர மாத்துங்க, அப்புறம் அந்த வல வீலு.”

டயர் மாற்றினார். ஷெட்டில் நான்கு சக்கரத்துக்கும் கீழே சிமென்ட் திண்டு கட்டிக்கொண்டார், இடப்பக்கம் சற்று உயரமாக. கிரீஸ் கன் ஒன்று வாங்கி, நிப்பிள் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று கீழே படுத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு ஒரு தடவை ஏற்றச் சொல்லியிருந்தோம். வெளியே வந்த பழைய கிரீஸைக் காகிதத்தில் துடைத்துப் படம் எடுத்து அனுப்பினார். கறுப்பாக இருந்தது, சிவப்பு இல்லை.